மனசுப் பாடத்துக்கும் தராசு வேண்டும்



போன தவணை முடிவில் நமது பாடசாலைக்கு ஒரு கடிதம் வந்தது. தரம் 8, 9, 10 பிள்ளைகளுக்கு "சமூக மனவெழுச்சிக் கற்றல்" என்ற வேலைத்திட்டத்தை ஒரு தொண்டு நிறுவனம் நடத்தப் போகிறதாம். அதற்குப் பெற்றோரின் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். பிள்ளைகள் படிவத்தை லயத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலை எல்லாம் கையெழுத்தோடு திரும்பி வந்துவிட்டன. கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்மாவைக் கண்டு, எதற்குக் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். "ஏதோ மனசு பாடமாம் டீச்சர், புள்ளைங்களுக்கு நல்லதுதானே?" என்றார்.

நல்லதாக இருக்கலாம். இந்தக் கட்டுரை அந்த "இருக்கலாம்" பற்றியது. நமது கிளைக் கமிட்டியில் இதைப் பற்றி இரண்டு தடவை பேசியிருக்கிறோம். ஒரு பக்கம், இலவசமாக வருவதை ஏன் தடுக்க வேண்டும் என்கிறார்கள். இன்னொரு பக்கம், இதெல்லாம் பிள்ளைகளை வாய்மூடி அடங்கிப் போகப் பழக்கும் தந்திரம், திருப்பி அனுப்புங்கள் என்கிறார்கள். எனக்கு இரண்டும் உடன்பாடில்லை. உள்ளே விடுவோம், ஆனால் நிறுத்துப் பார்த்து விடுவோம் என்பது என் கருத்து. நிறுவையைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கூடைக்கும் தண்ணீருக்கும் என்று கழிக்கப்படும் ஒவ்வொரு கிலோவுக்கும் சண்டை பிடித்துப் பழகியவர்கள் நாம்.

முதலில் அந்தப் பெயரை அவிழ்த்துவிடுகிறேன். சமூக மனவெழுச்சிக் கற்றல் என்றால், கோபம் வரும்போது அதை அடையாளம் காணத் தெரிவது, பயத்தையும் துக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லத் தெரிவது, பக்கத்தில் இருப்பவளின் முகத்தைப் பார்த்து அவள் நிலையை ஊகிப்பது, அடிதடி இல்லாமல் "முடியாது" என்று சொல்வது, அவசரப்படாமல் முடிவெடுப்பது. இவற்றை வாசிப்பு, கணக்குப் போல வகுப்பில் சொல்லிக் கொடுக்கலாம் என்பதுதான் இதன் அடிப்படை. நமது நாட்டுக்கு இது புதிதல்ல. தரம் 6 முதல் 9 வரை "வாழ்க்கைத் தேர்ச்சியும் குடியியற் கல்வியும்" என்று ஒரு பாடமே இருந்தது. இன்றைய இளம் தாய்மார் பலர் அந்தப் புத்தகத்தைத் தூக்கிச் சுமந்தவர்கள்தான். அது அவர்களுக்கு எங்கே உதவியது, எங்கே உதவவில்லை என்று கேட்க என் பாடசாலைக்கு ஒருவரும் வந்ததில்லை. பாடம் வந்தது, போனது. அவ்வளவுதான்.

உலகத்தில் இதை நிறுத்துப் பார்த்தவர்கள் உண்டு. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்த 213 வேலைத்திட்டங்களை, 270,034 பிள்ளைகளின் கணக்கோடு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. நல்ல செய்திதான் வந்தது. பிள்ளைகளின் நடத்தை மேம்பட்டது, படிப்பிலும் முன்னேற்றம் தெரிந்தது. நூறு பிள்ளைகளை மதிப்பெண்படி வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்கும் பிள்ளை ஏறத்தாழ 11 இடம் முன்னே வரும் அளவுக்கு. தொண்டு நிறுவனங்களின் செயலமர்வுகளில் திரையில் போட்டுக் காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. ஒழுங்காக நடத்தப்படாத வேலைத்திட்டங்களில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இந்த இரண்டாவது வரி திரையில் வருவதைக் காண்பது அரிது.

அமெரிக்கக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். நமக்குப் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் முதல் நியமனம் பருத்தித்துறைப் பக்கத்தில். மலையிலிருந்து போன எனக்குக் கடலும் புதிது, வெயிலும் புதிது, "ரீச்சர்" என்று கூப்பிடுவதும் புதிது. 2014இல் எனக்குத் தரப்பட்டது தரம் 8 வகுப்பு. பாதிப் பேர் கரையோரத்து மீன்பிடிக் குடும்பங்கள். 2004 மார்கழியில் கடல் வந்தபோது மூன்று வயது, 2009இல் போர் முடிந்தபோது எட்டு வயது. அந்த வயதுக்குள் எத்தனை தரம் இடம்பெயர்ந்தார்கள் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணுவார்கள், சிலர் இரண்டாவது கைக்கும் போவார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளின் மனதுக்கு மருந்து போட வராத நிறுவனம் இல்லை. கிரேயோன் பெட்டி, விளையாட்டு, மூச்சுப் பயிற்சி, வட்டமாக உட்கார்ந்து கதைப்பது எல்லாம் வந்தன. வந்தவர்கள் அன்பானவர்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஒருநாள் அப்படி ஒரு குழு வரப்போகிறது என்று சொன்னபோது ஒரு பையன் எழுந்து கேட்டான்: "ரீச்சர், இண்டைக்குக் கவலை முகம் கீறவோ, சிரிச்ச முகம் கீறவோ?" ஏன் அப்படிக் கேட்கிறாய் என்றேன். "முதல் நாள் கவலை முகமும் கடைசி நாள் சிரிச்ச முகமும் கீறினா அவை சந்தோசப்படுவினம்" என்றான். வகுப்பே சிரித்தது. மதிப்பீடு என்ற வேலையில் இருக்கும் பெரிய ஓட்டையைப் பதின்மூன்று வயதுப் பையன் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டான். எதை எதிர்பார்க்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். எதிர்பார்ப்பதைக் கொடுப்பார்கள். அறிக்கையில் அது "முன்னேற்றம்" ஆகிவிடும்.

ஆனால் வடக்கில் எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே ஒரு குழு இந்த வேலையை ஒழுங்காகச் செய்து பார்த்தது. நெதர்லாந்து ஆய்வாளர்களோடு யாழ்ப்பாணத்து உளமருத்துவர் சிவயோகனும் அதில் இருந்தார். முடிவு 2012இல் உலக உளமருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வந்தது. 399 பாடசாலைப் பிள்ளைகள். அவர்களில் 199 பேருக்கு ஐந்து வாரத்தில் 15 அமர்வுகள். மீதி 200 பேர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பது சீட்டுக் குலுக்குவது போலத் தீர்மானிக்கப்பட்டது. தொடங்குமுன் ஒரு தடவை, முடிந்து ஒரு வாரத்தில் ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை என்று இரு பக்கத்தையும் அளந்தார்கள்.

இந்தக் காத்திருக்கும் பக்கம் எதற்கு? இதை விளங்கப்படுத்தாமல் மேலே போக முடியாது. பங்குனி மாதம், வறட்சி, மலையில் கொழுந்து இல்லை. அந்த நேரம் துரை எல்லோருக்கும் புதுக் கூடை கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் மழை விழுகிறது, கொழுந்து பொங்குகிறது, ஒவ்வொருவர் கிலோவும் கூடுகிறது. "பார்த்தீர்களா, புதுக் கூடையால் கிலோ கூடியது" என்று துரை சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். மழையால் கூடியதா, கூடையால் கூடியதா என்று தெரிய வேண்டுமென்றால் ஒரு மலைக்குப் புதுக் கூடையும் இன்னொரு மலைக்குப் பழைய கூடையும் கொடுத்து, இரண்டையும் ஒரே தராசில் போட வேண்டும். பிள்ளைகளுக்கும் மழைக்காலம் உண்டு. வயது கூடும்போது, வீட்டில் நிலைமை சீராகும்போது, நல்ல கூட்டாளி ஒருத்தி கிடைக்கும்போது மனம் தானாகவே தேறும். தேறியதெல்லாம் நம் வேலைத்திட்டத்தால்தான் என்று சொல்ல, வேலைத்திட்டம் போகாத பிள்ளைகளையும் பார்த்திருக்க வேண்டும்.

அப்படிப் பார்த்ததில் வடக்கில் என்ன தெரிந்தது? பய நினைவுகள், மனச்சோர்வு, பதற்றம் ஆகிய மூன்றையும்தான் அவர்கள் முதன்மையாகக் குறைக்க நினைத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் இந்த மூன்றிலும் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. சண்டை, அடம், பொய் போன்ற நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. சிறிய வயதுப் பிள்ளைகளிடம் அது கூடுதலாகத் தெரிந்தது. ஆண் பிள்ளைகளின் பய நினைவுகளிலும் பதற்றத்திலும் பலன் இருந்தது. அடுத்ததை மெதுவாக வாசியுங்கள். அமர்வுக்குப் போன பெண் பிள்ளைகளை விட, காத்திருந்த பெண் பிள்ளைகளின் பய நினைவுகள்தான் கூடுதலாகக் குறைந்திருந்தன. சில பிள்ளைகள் தாமாகத் தேறிவருவதை இந்த அமர்வுகளே தடுத்திருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே எழுதிவைத்தார்கள். தங்கள் வேலையைப் பற்றி அப்படி எழுத நெஞ்சுரம் வேண்டும். அந்த ஒரு வரிக்காகவே எனக்கு அவர்கள் மேல் மரியாதை.

காத்திருந்த 200 பேரை அளக்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? பெண் பிள்ளைகளின் பயமும் குறைந்தது, ஆண் பிள்ளைகளின் பயமும் குறைந்தது, எல்லோருக்கும் வெற்றி என்று அறிக்கை எழுதி, அதே 15 அமர்வுகளை அடுத்த மாவட்டத்துக்கும் கொண்டு போயிருப்பார்கள். நமது தோட்டத்துக்கும் வந்திருக்கும். நாமும் கையெழுத்துப் போட்டிருப்போம்.

இன்னும் ஒன்று உண்டு. நமக்கு இதுதான் மிக முக்கியம் என்று நினைக்கிறேன். அன்றாடம் போரின் நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் அந்த அமர்வுகள் கூடுதலாக உதவின. வீட்டிலும் வீதியிலும் நெருக்கடி தொடர்ந்த பிள்ளைகளுக்கு அந்த அளவு உதவவில்லை. இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. கூரை ஒழுகிக்கொண்டிருக்கும்போது தரையைத் துடைத்தால் எவ்வளவு நேரம் காயும்?

நமது லயத்துக்குப் போர் வரவில்லை. ஆனால் ஒழுகும் கூரை நம்மிடம் நேராகவே இருக்கிறது. என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம். அப்பாவின் சம்பளத்தில் பாதி எங்கே போகிறது என்று லயத்துக்கே தெரியும். தம்பியைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு அவள் பாடசாலைக்கு வரும்போது முதலாம் பாடம் முடிந்திருக்கும். அந்தத் தொண்டு நிறுவனம் மாதிரிக்கு அனுப்பிய வினாத்தாளை அவளிடமும் கொடுத்தேன். "என் கவலைகளை நான் அமைதியாகக் கையாள்கிறேன்" என்ற வரிக்கு மூன்று பெட்டிகள்: எப்போதும், சில வேளை, இல்லை. அவள் "எப்போதும்" என்பதில் சரி போட்டாள். பொய் சொல்லவில்லை. அமைதியாகத்தான் கையாள்கிறாள். அமைதியாக இருப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி இல்லை. அந்த வினாத்தாளின்படி அவள்தான் வகுப்பிலேயே முதலாம் பிள்ளை.

ஆகவே தோழர்கள் சிலர் சொல்லும் "அடங்கிப் போகப் பழக்கும் பாடம்" என்ற குற்றச்சாட்டில் பாதி உண்மை உண்டு. பசிக்கும் பிள்ளைக்கு மூச்சை இழுத்து விடச் சொல்லிவிட்டு அதை வெற்றி என்று எழுதினால், அது மோசடிதான். மறுபாதியைப் பாருங்கள். நமது மாதர் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேச எத்தனை பேருக்குக் குரல் வருகிறது? பெரட்டில் கங்காணி தகாத வார்த்தை சொல்லும்போது நிமிர்ந்து பார்த்து "இப்படிப் பேசாதீங்க" என்று சொல்ல எத்தனை பிள்ளைகளுக்குப் பழக்கம்? கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போகும் பதினேழு வயதுப் பையன் அங்கே தனக்கு நடப்பதை வீட்டுக்குச் சொல்ல வார்த்தை தேடித் தடுமாறுகிறான். பயத்தைப் பெயர் சொல்லி அழைக்கவும், மறுக்கவும், உதவி கேட்கவும் தெரிந்த பிள்ளைகள் நமக்கு வேண்டும். தொழிற்சங்கத்துக்கும் வேண்டும். அதைத் தரும் பாடம் எது, தராத பாடம் எது என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவே.

பிரித்துப் பார்த்த இன்னொரு இடம் இந்தியாவின் பீகார். அங்கும் ஏழை அரசுப் பாடசாலைகள், நெரிசலான வகுப்புகள், பிரம்பு. நாலந்தா மாவட்டத்தில் 74 உயர்நிலைப் பாடசாலைகளை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பிரிவில், வேலைத்திட்டத்தை நடத்தவென்றே பயிற்சி கொடுக்கப்பட்ட ஒருவர் பாடசாலைக்குள் அமர்த்தப்பட்டார். அவர் மருத்துவரோ உளவியலாளரோ அல்ல, சாதாரண ஆள். இரண்டாம் பிரிவில் அதே வேலையை அந்தப் பாடசாலை ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவில் வழமையான வளரிளம் பருவப் பாடம் மட்டும். வேலைத்திட்டம் ஒன்றும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. காலைக் கூட்டத்தில் மாதம் ஒரு பொருள் பற்றிப் பேசுவது, சுவர்ப் பத்திரிகை, மனதில் உள்ளதை எழுதிப் போட ஒரு பெட்டி, தேவைப்பட்ட பிள்ளையோடு தனியே பேசுவது, ஆசிரியர்களோடு தண்டனை பற்றிப் பேசுவது.

எட்டு மாதம் கழித்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அளந்தார்கள். முடிவு 2018 கடைசியில் இலண்டனின் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. தனி ஆள் நடத்திய பாடசாலைகளில் பிள்ளைகள் தங்கள் பாடசாலையை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். மனச்சோர்வு குறைந்தது, ஒருவரை ஒருவர் துன்புறுத்துவதும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பாடசாலைகளில்? மூன்றாம் பிரிவுக்கும் அவற்றுக்கும் வித்தியாசமே இல்லை.

இதைப் படித்தபோது ஓர் ஆசிரியராக எனக்கு உறைத்தது. ஆனால் ஏன் என்று எனக்குத் தெரியும், தோட்டப் பாடசாலையில் ஒரு வாரம் நின்றவருக்கும் தெரியும். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், வரவு இடாப்பு, சத்துணவுக் கணக்கு, வலயக் கல்விப் பணிமனை கேட்கும் புள்ளிவிபரம், வராத ஆசிரியரின் வகுப்பையும் சேர்த்துப் பார்ப்பது. அதற்கு மேல் ஒரு வேலையை வைத்தால், வேலை நடந்ததாக இடாப்பில் பதியப்படும், நடக்காது. இன்னொரு காரணமும் உண்டு. கணக்குப் பாடத்தில் அதட்டிய அதே ஆளிடம், அடுத்த பாடத்தில் வந்து பிள்ளை மனதைத் திறக்குமா? பிரம்பு கூடாது என்று கல்வி அமைச்சு 2005/17 இலக்கச் சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. அந்தச் சுற்றறிக்கை இன்னும் வந்து சேராத வகுப்பறைகள் இருக்கின்றன என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அதைச் சரிசெய்யாமல் மனவெழுச்சிப் பாடம் நடத்துவது வீண் வேலை.

பணக்கார நாட்டிலும் இதே கதைதான். பிரித்தானியாவில் 84 பாடசாலைகளில் 8,000க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, மனதை ஒருமுகப்படுத்தும் பயிற்சி பத்துப் பாடங்களாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆசிரியர்களுக்கு நல்ல பயிற்சி, கையில் நிறையப் பணம். 2022இல் வந்த முடிவு, வழமையான பாடத்தை விட இதனால் பிள்ளைகளின் மனநலத்துக்குக் கூடுதல் பலன் இல்லை என்பது. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அந்தப் பயிற்சியைச் செய்யவே இல்லை. அங்கே பணம் போனது. இங்கே போவது பாடநேரம். சாதாரண தரப் பரீட்சைக்கு நிற்கும் தோட்டப் பிள்ளையின் வாரத்துக்கு இரண்டு பாடவேளை என்றால், அது நாம் கொடுக்கும் விலை. இலவசம் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

இனி, நமது கிளை என்ன கேட்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். கமிட்டியில் சிலர் கேட்டார்கள், வேலைத்திட்டம் பாதிப் பாடசாலைகளுக்கு மட்டும் போனால் மீதிப் பிள்ளைகளுக்கு அநியாயம் இல்லையா என்று. நியாயமான கேள்வி. ஆனால் அந்த நிறுவனத்திடம் இருப்பது நான்கு பயிற்றுநர்கள். எல்லாப் பாடசாலைக்கும் ஒரே தவணையில் போக அவர்களால் எப்படியும் முடியாது. இப்போது யார் முதல் என்பதை அதிபரின் செல்வாக்கும் பாதை வசதியும் தீர்மானிக்கின்றன. பெரிய தெருவோரப் பாடசாலைக்கு முதலில் போகும், மேற்பிரிவுப் பாடசாலைக்குக் கடைசியில் போகும் அல்லது போகாது. அதற்குப் பதில் பெற்றோர் முன்னால் சீட்டுக் குலுக்கட்டும். இந்தத் தவணை வராத பாடசாலைக்கு அடுத்த தவணை கட்டாயம் வரட்டும், அதுவும் பலன் தெரிந்த பிறகு, திருத்திய வடிவத்தில். குலுக்கல்தான் இருப்பதில் நியாயமானது, ஒப்பிட்டுப் பார்க்கவும் அதுவே வழி.

வினாத்தாளை வகுப்பாசிரியர் வாங்கக் கூடாது, பயிற்றுநரும் வாங்கக் கூடாது. மேசைகளுக்கு நடுவே நான் நடந்துகொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளை "எனக்கு டீச்சரைப் பார்த்தால் பயம்" என்பதில் சரி போடும்? வெளியாள் வாங்கட்டும், பெயர் எழுதாமல் வாங்கட்டும். அதுவும் நமது பிள்ளைகள் பேசும் தமிழில் இருக்கட்டும். மாதிரி வினாத்தாளில் "மீள்தகவு" என்று ஒரு சொல் இருந்தது. நான் அகராதியைப் புரட்டினேன்.

வினாத்தாளை மட்டும் நம்பவும் வேண்டாம். எண்ணக்கூடியவை நிறைய இருக்கின்றன. தவணைக்கு எத்தனை நாள் வரவு, தரம் 9 முடித்த பெண் பிள்ளைகளில் எத்தனை பேர் தரம் 10க்கு வந்தார்கள், இடைவேளையில் எத்தனை சண்டை, எத்தனை பிள்ளை தாமாக ஓர் ஆசிரியரிடம் வந்து உதவி கேட்டது. இதெல்லாம் இடாப்பில் இருக்கிறது அல்லது ஒரு கொப்பியில் எழுதிவைக்கலாம். பாடம் முடிந்த மறுநாள் மட்டும் எண்ணக் கூடாது. மூன்று மாதம் கழித்து, ஒரு வருடம் கழித்து எண்ண வேண்டும். கவாத்து வெட்டிய செடியை மறுநாளே போய்ப் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை.

கணக்கைப் பிரித்துக் காட்டச் சொல்ல வேண்டும். ஆண் எப்படி, பெண் எப்படி, தரம் 8 எப்படி, தரம் 10 எப்படி, தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை எப்படி. முழு மலையின் சராசரிக் கிலோவைச் சொன்னால் யாருக்கு அரைப் பேர் போட்டார்கள் என்று தெரியாது. வடக்கில் சராசரியை மட்டும் சொல்லியிருந்தால் அந்தப் பெண் பிள்ளைகளின் கதை வெளியே வந்திருக்காது. எந்தப் பிள்ளைக்காவது இந்தப் பாடத்துக்குப் பிறகு நிலைமை மோசமானால் என்ன செய்வீர்கள், எந்த வைத்தியசாலைக்கு யார் கூட்டிப் போவார், பஸ் காசு யார் தருவார் என்பதற்கும் முன்கூட்டியே பதில் வேண்டும். பருத்தித்துறையில் எனக்கு அந்தக் கவலை குறைவு. மந்திகை ஆதார வைத்தியசாலை பக்கத்தில், பஸ் ஏறினால் போய்விடலாம். நமது மேற்பிரிவிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வர ஒரு முழு நாளும் ஒரு நாள் பேரும் போய்விடும். மனதைத் திறக்கச் சொல்பவர் திறந்த பிறகு வருவதற்கும் பொறுப்பெடுக்க வேண்டும்.

நடத்தப் போவது யார் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆசிரியர்களை இரண்டு நாள் செயலமர்வுக்கு அனுப்பிவிட்டு "இனி நீங்கள் நடத்துங்கள்" என்றால் பீகாரின் இரண்டாம் பிரிவு நமக்கும் வரும். பக்கத்துத் தோட்டங்களில் உயர்தரம் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கும் நமது பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களில் ஒருத்தியைப் பயிற்றி, சம்பளம் கொடுத்து, இரண்டு பாடசாலைக்கு ஓர் ஆளாக அமர்த்தினால் லயத்தின் பேச்சும் அவளுக்குப் புரியும், பிள்ளைகளும் அவளிடம் பேசுவார்கள். தொண்டராக அல்ல, சம்பளத்துக்கு. "சேவை மனப்பான்மை" என்று சொல்லி நம் பிள்ளைகளின் உழைப்பைச் சும்மா வாங்கிக்கொள்வதைச் சங்கம் அனுமதிக்கக் கூடாது.

இதையெல்லாம் கேட்கும் இடம் பாடசாலை அபிவிருத்திச் சங்கம். அதில் பெற்றோருக்கு உறுப்புரிமை உண்டு, வாக்கும் உண்டு. கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைப்பதால்தான் நமது ஆட்கள் வருவதில்லை. பத்து மணிக்கு வந்தால் அரைப் பேர் போகும். கூட்டத்தை வேலை முடிந்து மாலை ஐந்தரைக்கு வைக்கச் சொல்லிக் கிளைத் தலைவர் அதிபருக்கு எழுத்தில் கேட்டிருக்கிறார். அதிபரும் சரி என்றிருக்கிறார். திகதி தெரிந்ததும் பெரட்டில் அறிவிக்கப்படும்.

கையெழுத்துப் போட்டவர்கள் பயப்பட வேண்டாம். சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று அந்தப் படிவத்தின் கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருக்கிறது. யாரையும் திரும்பப் பெறச் சொல்லி நான் கேட்கவில்லை. கூட்டத்துக்கு வாருங்கள். அந்த நிறுவனத்தின் ஆட்களும் வருவார்கள். மேலே எழுதிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி மாதர் சங்கத் தலைவியிடம் கொடுத்திருக்கிறேன். அவர்தான் வாசிப்பார். பதில் தமிழில், எழுத்தில், நிறுவனத்தின் முத்திரையோடு வேண்டும் என்று கேட்போம். வருட முடிவில் வரும் அறிக்கையின் ஒரு பிரதியை, நல்லதோ கெட்டதோ, அந்தத் தரம் 8, 9, 10 பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பதையும் கேள்வித் தாளின் அடியில் சேர்த்திருக்கிறேன்.